ஆள் போயாச்சு, கணக்கு இன்னும் இருக்கு

ஐயாயிரம் பேர் வேலை செய்யிற ஒரு கம்பனி, யார் எந்த சிஸ்டத்துக்குள்ள போகலாம் எண்டதைக் கட்டுப்படுத்த ஒரு மென்பொருள் வாங்கப் போகுது எண்டு வைப்பம். விற்க வாறவர் முதலில காட்டுறது லொகின் பக்கத்தைத்தான். ஒரே பாஸ்வேர்ட், போனில ஒரு தட்டு, எல்லாம் திறக்கும். பார்க்க வடிவாத்தான் இருக்கும். ஆனா ஒக்டா, மைக்ரோசொஃப்ட் என்ட்ரா, கீகுளோக் எண்டு எதை எடுத்தாலும் இந்த வேலையைச் செய்யும். அதுக்கு மார்க் போடுறதில பிரயோசனம் இல்லை.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது வெளியேறும் வழியை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய கணக்குகள் எவ்வளவு நேரத்தில் மூடப்படுது?

2021 ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, பாவனையில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு வழியாக. அதை ஒருவரும் மூடவில்லை. பாஸ்வேர்டுக்கு மேல இரண்டாவது பூட்டும் இல்லை. கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோற குழாய் நாட்கணக்கில் நிண்டது. கம்பனி 75 பிட்கொயின் கப்பம் கட்டியது, அண்டைய பெறுமதியில் ஏறக்குறைய 44 இலட்சம் டொலர்.

எங்கட நாட்டில இன்னொரு சிக்கல் இருக்கு. பழைய அடையாள அட்டையில 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில 12 இலக்கம். அப்பாட பெயர் ஒரு பட்டியலில முதலெழுத்து, இன்னொண்டில குடும்பப் பெயர். ஒரே ஆள் இரண்டு ஆளாப் பதிவாகலாம். ஒரு கணக்கை மூடினால் மற்றது உயிரோட இருக்கும். அதனால விற்பவர் கொண்டுவாற சுத்தமான மாதிரித் தரவை வைச்சு ஒண்டையும் சோதிக்கக் கூடாது. மனிதவளப் பிரிவின்ர குழம்பின பட்டியலையே, பெயரையும் இலக்கத்தையும் மாத்திப்போட்டு, அதே குழப்பத்தோட குடுக்கவேணும்.

கொழும்பில 2005இல் தொடங்கின டபிள்யூஎஸ்ஓ2வின் ஐடென்டிட்டி சேர்வரும் திறந்த மூலம்தான், பட்டியலில் கட்டாயம் இருக்கவேணும். ஆனா ஊர்ப் பொருள் எண்டு சலுகை குடுக்க ஏலாது, அதே சோதனைதான்.

விலைப் பட்டியலையும் கவனமா வாசிக்கோணும். லொகின் ஒரு விலை, ஆளைச் சேர்க்கிற, நீக்கிற பகுதி வேற விலை எண்டு விற்கிறவையும் இருக்கினம். எது முக்கியமோ அது மேலதிகக் கட்டணம்!

வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சோதனை ஊழியரை மனிதவளப் பதிவில "விலகினார்" எண்டு மாத்துங்கோ. திங்கள் காலை அவருடைய பெயரில எல்லாக் கதவையும் தட்டிப் பாருங்கோ, களஞ்சியத்தில இருக்கிற பழைய சேர்வர் உட்பட. எல்லாம் மூடியாச்சு எண்டு சொல்லுறவரை விட, "இந்த ஏழு சிஸ்டமும் எங்களோட இணையேல்லை, நீங்கள் கையால மூடவேணும்" எண்டு பட்டியல் தாறவருக்குத்தான் என்ர வோட்டு.