லேபல் இல்லாமல் வருகிற இணைப்புகள்

கலைப்பீடத்துப் பிள்ளைகள் கேர்னலைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் சிரிப்புத்தான் வரும். லினக்ஸ், சேர்வர் எல்லாம் கணினி படிக்கிற பெடியளின்ர சாமான் எண்டுதான் நாங்களும் விட்டு வைத்திருந்தோம். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், அவரை உள்ளே விடலாமா, விட்டால் என்ன பெயரில் விடுவது, அந்தப் பெயரை வைக்கிற அதிகாரம் ஆருக்கு? இது அரசறிவியலிலும் சமூகவியலிலும் வருசக்கணக்காக நாங்கள் மண்டையைப் போட்டு உடைக்கிற கேள்வி. அதே கேள்விக்கு லினக்ஸ் எழுதினவர்கள் சில நூறு வரிகளில் ஒரு பதில் எழுதி, எவரும் வாசிக்கலாம் எண்டு பகிரங்கமாகவும் வைத்திருக்கிறார்கள். வாசிக்காமல் விடுகிறது எங்களுக்குத்தான் நட்டம்.

முதலில் விசயத்தை நேராகச் சொல்லிவிடுகிறோம். கேர்னல் எண்டது இயங்குதளத்தின் நடு உறுப்பு. ஒரு செயலி கோப்பைத் திறக்கவேணும், வலையமைப்பில் கதைக்கவேணும் எண்டால் அதனிட்டத்தான் கேட்கவேணும். வழமையான முறையில் கேர்னல் பார்க்கிறது நீ எந்தப் பயனர், இந்தக் கோப்பு ஆருடையது எண்டதை மட்டும்தான். எஸ்இலினக்ஸ் போன்ற பாதுகாப்புப் பகுதிகள் இதற்கு மேலே இன்னொன்றைச் செய்கின்றன. ஓடுகிற ஒவ்வொரு செயலிக்கும், ஒவ்வொரு கோப்புக்கும், வலையமைப்பு இணைப்பின் முனையான ஒவ்வொரு சொக்கெற்றுக்கும் ஒரு லேபல் ஒட்டும். எந்த லேபல் எந்த லேபலை என்ன செய்யலாம் எண்டு ஒரு விதித்தொகுப்பு இருக்கும். அதில் எழுதாதது எதுவும் நடக்காது.

எஸ்இலினக்ஸை உருவாக்கி 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம், என்எஸ்ஏ. ஓம், எட்வேர்ட் ஸ்னோடன் 2013இல் அம்பலப்படுத்தின அதே என்எஸ்ஏதான். 2001இல் அதை லினக்ஸுக்குள் சேர்க்கக் கேட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் அப்படியே எடுக்கவில்லை. ஒரே ஒரு பாதுகாப்பு முறையைக் கட்டிப்போடாமல், எவருடைய முறையையும் கொழுவக்கூடிய பொதுக் கொக்கிகளைச் செய்து கொண்டு வாருங்கோ எண்டார். அந்தக் கொக்கிகளில் கொழுவிக்கொண்டுதான் 2003இல் 2.6 கேர்னலுக்குள் எஸ்இலினக்ஸ் வந்தது. பிறகு 2013இல் அன்ட்ரொயிட் 4.3இல் தொடங்கி, 2014இல் 5.0 வந்தபோது முழுமையாக அமலுக்கு வந்தது. பையில் அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கிற எல்லாரிடமும் இப்ப அது இருக்கு. என்எஸ்ஏ செய்தது எண்டு சந்தேகப்படுகிறது நியாயம். ஆனால் மூலநிரல் திறந்து கிடக்கு. இருபது வருசத்துக்கு மேலாக வேறு வேறு நாட்டவர்கள் அதை வாசித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். பேரைக் கேட்டுப் பயந்து வாசிக்காமலே விடுகிறது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

எங்களை இழுத்தது வெளியிலிருந்து வருகிற இணைப்புக்கு லேபல் ஒட்டுகிற இடம். ஒரு சேர்வர் ஒரு சொக்கெற்றைத் திறந்து வைத்துக் காத்திருக்கு. எங்கிருந்தோ ஒரு கணினி 'கதைக்கலாமா?' எண்டு முதல் பக்கெற்றை அனுப்புது. கேர்னல் பதில் சொல்லி, மற்றப்பக்கம் அதை உறுதிப்படுத்தினவுடன், அந்த உரையாடலுக்கெண்டே ஒரு புதுச் சொக்கெற்றைப் பிறப்பிக்கும். காத்திருந்த சொக்கெற் அடுத்தவருக்காக அப்படியே இருக்கும். இந்தப் புதுப் பிள்ளைக்கு என்ன லேபல்? வீட்டுக்காரருடையதா, வந்தவருடையதா?

எஸ்இலினக்ஸின் பதில் அழகானது. லேபலில் பல பகுதிகள் உண்டு. ஒன்று வகை, அதாவது இது என்ன வேலை செய்கிற சாமான் எண்டது. இன்னொன்று இரகசியப் படிநிலை. பொது, அந்தரங்கம், இரகசியம், அதி இரகசியம் எண்ட அமெரிக்கப் படைத்துறை ஏணி இது. 1973இல் பெல்லும் லபடுலாவும் கணித வடிவில் எழுதின ஏணி. மேலே உள்ளதை வாசிக்கேலாது, கீழே உள்ளதில் எழுதேலாது. புதுச் சொக்கெற்றுக்கு வகை வீட்டுக்காரரிடமிருந்து வரும், படிநிலை வந்தவரிடமிருந்து வரும்.

ஏன் இப்படி? வந்தவரின் லேபலை முழுதாக எடுத்தால், 'நான் கடவுச்சொற்களைப் பார்க்கிற செயலி' எண்டு சொல்லிக்கொண்டு எவரும் நுழையலாம். வீட்டுக்காரரின் லேபலை முழுதாகக் கொடுத்தால், இரகசியப் படியிலிருந்து வந்த கதை பொதுப் படிக்குக் கசிந்தாலும் கேர்னலுக்குத் தெரியாது. ஆகவே நீ என்ன வேலைக்காரன் எண்டதை நான்தான் சொல்லுவேன், நீ கொண்டு வந்த கதை எவ்வளவு பாரமானது எண்டதை மட்டும் உன்னிடம் கேட்பேன் எண்டது ஏற்பாடு. விருந்தினர் பற்றி நாங்கள் வாசித்த எத்தனையோ கட்டுரைகளை விட இது தெளிவு எண்டு எங்களில் ஒருத்தி சொன்னாள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் விட்டுவிட்டோம்.

அந்தப் படிநிலை எப்படி வந்து சேருது? பழைய வழி சிப்ஸோ. பக்கெற்றின் தலைப்பில் விருப்பத் தெரிவுகளுக்கெண்டு உள்ள நாற்பது பைற்றுக்குள் படிநிலையை ஒரு எண்ணாக எழுதி அனுப்புவது. 1992இல் வரைவாக எழுதப்பட்ட இந்த முறை இணைய நியம ஆவணமாக ஒருநாளும் முடிவாகவில்லை. ஆனால் பாவனைக்கு வந்தது. லினக்ஸில் நெட்லேபல் எண்ட பகுதியாக 2006இல் போல் மூர் அதைச் சேர்த்தார். 2008இல் வந்த கேசி ஷோஃப்லரின் ஸ்மாக்கும் இதே சிப்ஸோவைத்தான் பாவிக்குது. எண் மட்டும்தான் பயணம் செய்யும். மூன்று எண்டால் இரகசியமா அந்தரங்கமா எண்டு இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்கவேணும். அந்த ஒப்பந்தத்துக்கும் ஒரு எண் வைத்து அதையும் பக்கெற்றிலேயே அனுப்புவார்கள். குறிக்கும் பொருளுக்கும் இயல்பான உறவில்லை, வழக்கினால்தான் பொருள் எண்டு மொழியியலில் சொசூரை மனப்பாடம் செய்த ஆட்களுக்கு இது பரிச்சயமான இடம்.

வில்லங்கம் எங்கே எண்டால், லேபலை எழுதுகிறவர் அனுப்புகிறவரே. சிப்ஸோவில் முத்திரையும் இல்லை, கையொப்பமும் இல்லை. இடையில் இருக்கிற ஒருவர் மூன்றை ஒன்றாக்கினால் வாங்குகிறவருக்குத் தெரியாது. 2003 ஏப்ரல் முதலாம் திகதி ஸ்டீவ் பெலொவின் ஒரு நியம ஆவணம் வெளியிட்டார்: தீய நோக்கத்தோடு அனுப்பும் பக்கெற்றுகள் எல்லாம் தங்கள் தலைப்பில் ஒரு பிற்றை ஒன்று எண்டு வைத்து அனுப்பவேணும், அப்ப பாதுகாப்புச் சுலபம். முட்டாள்கள் தினப் பகிடிதான். ஆனாலும் அனுப்புகிறவரின் வாக்குமூலத்தில் கட்டின எந்தப் பாதுகாப்பையும் அது ஒரே அடியில் கிழித்துவிடும். இதற்கு மாற்றாக லேபலை ஐபிசெக் குறியாக்கத்தோடு கட்டுகிற வழி உண்டு. லேபல் பக்கெற்றில் போகாது. இரண்டு பக்கமும் சாவி பரிமாறும்போதே பேசி முடித்துவிடுவார்கள். எங்கட கருத்தில் மூடின கட்டடத்துக்கு வெளியே லேபல் போவதெண்டால் இதுதான் ஒரே நேர்மையான வழி. சிப்ஸோவை வாசிக்கிற நிரலே ஓட்டையாகின கதையும் உண்டு: விசேடமாகச் செய்த ஒரு சிப்ஸோ தலைப்பை அனுப்பித் தூரத்திலிருந்தே கேர்னலை விழுத்தலாம் எண்டு 2020இல் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

இவ்வளவும் லேபலோடு வருகிறவர்களின் கதை. நாங்கள், நீங்கள், பொது இணையத்தில் இருக்கிற அநேகமாக எல்லாரும் லேபல் இல்லாமல்தான் வருகிறோம். தலைப்பில் விருப்பத் தெரிவு இருக்கிற பக்கெற்றுகளை வழியிலுள்ள பல றூட்டர்கள் எறிந்துவிடும் எண்டதால், போட்டு அனுப்பினாலும் போய்ச் சேருவது சந்தேகம். அப்ப கேர்னல் எங்களை என்ன செய்யும்? நெட்லேபலின் ஆரம்ப அமைப்பு, லேபல் இல்லாததையும் ஏற்றுக்கொள் எண்டது. வேறொன்றும் எழுதிவைக்காவிட்டால் புதுச் சொக்கெற் வீட்டுக்காரரின் லேபலையே முழுதாக எடுத்துக்கொள்ளும். செயலி 'வந்தவர் ஆர்?' எண்டு கேட்டால் கேர்னலிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஏற்றுக்கொள் எண்டு வைத்ததை நாங்கள் பிழை சொல்லவில்லை. மறுத்திருந்தால் இணையமே வேலை செய்யாது. ஆனால் கவனமாக இழைத்த விதிகள் முழுக்க லேபலோடு வருகிற சிறுபான்மைக்கு, மற்ற எல்லாருக்கும் ஒரு ஆம் அல்லது இல்லை எண்டு இருப்பதுதான் எங்களுக்கு உறுத்துது. அந்த ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில் கருவிகள் இல்லாமல் இல்லை. இந்த முகவரியிலிருந்து, இந்த வலையமைப்பு அட்டை வழியாக வருகிற லேபல் இல்லாத இணைப்புக்கு இன்ன லேபல் எண்டு நிர்வாகி எழுதிவைக்கலாம். 2006இலேயே வந்த செக்மார்க் எண்ட வசதியில், பக்கெற்றுக்கு நாங்களே வாசலில் குறி போடலாம். அந்தக் குறி வலையமைப்பில் பயணம் செய்யாது, எங்கட கணினிக்குள் மட்டும்தான். வந்தவரின் வாயை நம்பாமல் வாங்குகிறவர் தன் பொறுப்பில் பெயர் வைப்பது. பொது இணையத்துக்கு இதுதான் பொருந்தும் எண்டது எங்கட நிலைப்பாடு.

இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அடையாள அட்டை காட்டி வரிசையில் நின்ற கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, வருகிறவருக்கு லேபல் ஒட்டுவதை எப்படி வாய் கூசாமல் ஆதரிக்கேலும் எண்டு ஒரு பகுதியினர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கு. முகவரியை வைத்து லேபல் கொடுப்பது எண்டால், எங்கிருந்து வாறாய் எண்டதை வைத்து ஆளை முடிவு கட்டுகிற வேலைதான். ஆனால் சாவடியில் நின்றவர்களுக்கு விதி என்ன எண்டு தெரியாது. அண்டைக்கு நிற்கிற ஆளின் மூட்டைப் பொறுத்து அது மாறும். கேர்னலில் விதி எழுத்தில் இருக்கு, எல்லாருக்கும் ஒரேமாதிரி ஓடுது, மறுத்தால் மறுத்த காரணம் பதிவேட்டில் விழுது. லேபல் விழுவதும் மனிசர் மேல் இல்லை, இணைப்பின் மேல். லேபலே வேண்டாம் எண்டு சொன்னால் தெரிவு நடக்காமல் விடாது, எழுதப்படாத இடத்தில் நடக்கும். சண்டை இன்னும் முடியவில்லை. மற்றப் பகுதியினர் தங்கட பதிலைத் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கினம்.

இப்போதைக்கு நடைமுறை என்னண்டால், ஏதாவது வேலை செய்யாட்டில் முதல் வைத்தியம் எஸ்இலினக்ஸை நிறுத்துவது. 'செட்என்ஃபோர்ஸ் பூச்சியம்' எண்டு ஒரு வரி, அதோடு எந்த விதியும் அமலில் இராது, மீறல்கள் பதிவாகிறதோடு சரி. எந்த விதி எதை மறுத்தது எண்டு அந்தப் பதிவேட்டைப் பார்க்கப் பத்து நிமிசம் காணும், அதற்குப் பொறுமை இல்லை. மாணவர்களின் பெறுபேறுகளும் மருத்துவ அறிக்கைகளும் கிடக்கிற சேர்வர்களில் இப்படிச் செய்தால் அது தொழில்நுட்ப முடிவு மட்டுமில்லை. அந்தத் தரவுக்குச் சொந்தக்காரரான எங்களிட்டக் கேட்காமல் எடுத்த முடிவு. உங்கட கம்பஸில் லினக்ஸ் சேர்வர் பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பார். எஸ்இலினக்ஸ் அமலில் இருக்கா, லேபல் இல்லாமல் வருகிறதுக்கு என்ன எழுதியிருக்கு, அதை எழுதினது ஆர் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. முதல் இரண்டுக்கும் அவர் ஆளுக்கொரு கட்டளை அடித்தால் காணும்.