வலிப்பு வந்த பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்

ஃபிட்ஸ் வந்த பிள்ளையை ஓட விடக்கூடாது என்பது ராமநாதபுரம் சீமையில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மற்றப் பிள்ளைகள் மணலில் கபடி ஆடும்போது, அந்தப் பிள்ளை செருப்புகளுக்குக் காவல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் பைகளுக்குக் காவல். "ஓடினா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா இழுப்பு வரும்" என்பார்கள். இது தவறு. பாசத்திலிருந்து பிறந்த தவறு என்பதால்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

மூச்சு வாங்குவது பற்றிய பயம் முழுக்க ஆதாரமற்றதும் அல்ல. இ.இ.ஜி. எடுக்கும்போது பிள்ளையைப் படுக்கவைத்து மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். சிலவகை வலிப்பு அப்போது வெளிப்படும். சும்மா கிடக்கும் உடம்பு மூச்சை இறைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு சட்டென்று குறைந்துவிடும். ஓடுகிற பிள்ளைக்கு நடப்பது வேறு. தசைகள் கரியமில வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதை வெளியேற்றத்தான் மூச்சு வாங்குகிறது. விளையாட்டே வலிப்பைத் தூண்டுவது வெகு சிலருக்குத்தான். விட்டுப்போன மாத்திரையும் கெட்ட தூக்கமும் காய்ச்சலும்தான் பெரும்பாலும் அதைக் கூப்பிடுகின்றன. திருவிழா ராத்திரி முழுக்கப் பிள்ளையை விழித்திருக்க விட்டுவிட்டு, மறுநாள் மாலை விளையாடப் போகாதே என்கிறோம்.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தார்கள். மோதி விளையாடும் ஆட்டங்கள் வேண்டாம் என்று 1968-ல் சொன்ன அமெரிக்க மருத்துவச் சங்கம் 1974-ல் அதை மாற்றிக்கொண்டது. சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2016-ல் ஆட்டங்களைத் தரம் பிரித்தபோது கிரிக்கெட், கால்பந்து, கைப்பந்து, ஓட்டம், நடனம் எல்லாம் கூடுதல் ஆபத்தில்லாத முதல் வரிசையில் நின்றன. 1992 உலகக்கோப்பையில் பாய்ந்து விழுந்து இன்சமாமை ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸுக்கு வலிப்பு நோய் உண்டு. இந்தியாவுக்கு இங்கிலாந்து அணியைக் கொண்டுவந்து வென்ற டோனி கிரெய்குக்கும் இருந்தது.

உட்காரவைப்பதில் இன்னொரு கேடு. வலிப்பு மாத்திரைகளில் சில எலும்பை வலுவிழக்கச் செய்யும். சில எடையைக் கூட்டும். ஆக, மற்றப் பிள்ளைகளைவிட ஓட்டமும் வெயிலும் அதிகம் தேவைப்படும் பிள்ளையைத்தான் திண்ணையில் முடக்குகிறோம். தனியாக உடற்பயிற்சி செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நாலு நாளில் விட்டுவிடும். கபடி, கோகோ, நொண்டி என்றால் தானே ஓடிவரும். கூட ஆடுகிறவர்களின் கண்ணும் அதன் மேலேயே இருக்கும். விழுந்தாலும் நம் கரையில் மணல்தானே.

கடல் விஷயத்தில் மட்டும் தாய்மாரின் பயத்தை நான் முழுக்க ஏற்கிறேன். வலிப்புள்ளவர் நீரில் மூழ்கும் ஆபத்து பல மடங்கு அதிகம். இடுப்பளவு தண்ணீரும் போதும். நீந்தத் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் கடலிலோ ஊருணியிலோ இறங்கக்கூடாது. பனையும் தென்னையும் ஏறக்கூடாது. சைக்கிளுக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆனால் கடலுக்குச் சொல்ல வேண்டியதை மணலுக்கும் சொல்வது அநியாயம்.

முடக்கிவைப்பதன் விலையை நம் மாவட்டம் அறியும்: 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் செத்தார்கள். வலிப்பு மனநோய் அல்ல, மூளையில் மின்னோட்டம் தடுமாறுவது. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. நோயாளியைக் கட்டிவைப்பதே காப்பாற்றுவது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது என்கிறேன். திண்ணையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்குச் சங்கிலி இல்லை, அவ்வளவுதான்.

ஒழுங்காக மருந்து கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்தப் பிள்ளையை அணியில் சேருங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இதை மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.