எண்ணிக்கை இல்லாத மேக் விற்பனைக் கணக்கு

ஐஃபோன், ஐபேட், மேக் கணினி ஆகியவை எத்தனை விற்பனையாயின என்ற எண்ணிக்கையை இனி வெளியிடப் போவதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் 2018 நவம்பரில் அறிவித்தது. எண்ணிக்கை மட்டும் வணிகத்தின் வலிமையைக் காட்டாது என்பது அந்நிறுவனத்தின் வாதம்.

அவ்வாண்டின் நிதிக்கணக்கில் 1 கோடியே 82 லட்சம் மேக் கணினிகள் விற்பனையாகி, ஏறத்தாழ 2,550 கோடி டாலர் வருவாய் கிட்டியது. கணினி ஒன்றின் சராசரி விலை 1,400 டாலர் என்பதை எவரும் வகுத்து அறிய முடிந்தது. இன்று அது இயலாது.

இன்டெல் சில்லுகளைக் கைவிட்டு, தானே வடிவமைத்த எம்1 சில்லுடன் கூடிய கணினிகளை ஆப்பிள் 2020 நவம்பரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2022 நிதியாண்டில் மேக் வருவாய் 4,018 கோடி டாலராக உயர்ந்தது; மறு ஆண்டே 2,936 கோடியாகச் சரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே பணியாற்றவும் பயிலவும் கணினி வாங்கியவர்கள் மீண்டும் வாங்க வேண்டிய தேவை எழவில்லை. அந்தச் சரிவு மற்ற கணினித் தயாரிப்பாளர்களையும் தாக்கியது. ஆகவே முந்தைய உயர்வு முழுவதையும் புதிய சில்லின் வெற்றியாகக் கொள்வது பொருந்தாது.

ஆயினும் 2018ஆம் ஆண்டின் அளவைவிட வருவாய் உயர்ந்தே நின்றது. இது கூடுதல் கணினிகள் விற்றதாலா, விலை மிகுந்தவை விற்றதாலா? மேக் வாங்குவோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதற்குப் புதியவர்கள் என்று ஆப்பிள் பலமுறை கூறியுள்ளது. எத்தனை பேரில் பாதி என்பதைத்தான் அது சொல்வதில்லை.