தொண்டை கமறினால் நல்ல எண்ணெய்!

ஆலிவ் எண்ணெய்க்கு இருக்கிற புகழ் வேறு எந்த எண்ணெய்க்கும் இல்லை. மாரடைப்பு அண்டாது, ஆயுள் கூடும் என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவைப் பாருங்கள். அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ் 1958-ல் ஏழு நாடுகளில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கிரீட் ஆண்களின் உணவுச் சக்தியில் ஏறக்குறைய 40 சதவிகிதம் கொழுப்பிலிருந்து வந்தது. பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய்தான். அப்படியிருந்தும் அங்கே மாரடைப்புச் சாவு மிகக் குறைவு! பின்லாந்துக்காரர்களும் கிட்டத்தட்ட அதே அளவு கொழுப்பு உண்டவர்கள்தான். ஆனால் அது பாலும் வெண்ணெயும். மாரடைப்பு அங்கே தலைவிரித்தாடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரீட் குடியானவர் எண்ணெயைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கவில்லை. மலைச்சரிவில் பாடுபட்டார். கீரையும் பயறும் ரொட்டியும் தின்றார். இறைச்சி எப்போதாவதுதான். எல்லாப் பெருமையையும் எண்ணெய்க்கே கட்டுவது நியாயமா?

ஸ்பெயினில் 7,447 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2013-ல் வெளியாயிற்று. ஆட்களைப் பிரித்ததில் கோளாறு என்று தெரிந்ததும் அதைத் திரும்பப் பெற்று, திருத்தி, 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். காய்கறி, பயறு, மீனோடு ஆலிவ் எண்ணெயும் தாராளமாகச் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் சுமார் 30 சதவிகிதம் குறைந்தன. திருத்திய பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஆகவே விஷயம் வெறும் விளம்பரம் அல்ல.

ஆனால் எந்த எண்ணெய்? முதல்தரமான 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' எண்ணெய், சூடேற்றாமல், ரசாயனம் சேர்க்காமல் பிழிந்தது. புதிதாக இருக்கும்போது விழுங்கினால் தொண்டை கமறும். அந்தக் கமறலுக்குக் காரணமான பொருள், இபுபுரோபன் வலி மாத்திரையைப் போலவே வேலை செய்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். (அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். 50 கிராம் எண்ணெயில் இருப்பது, பெரியவர் வலிக்குச் சாப்பிடும் மருந்தில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் சமம்!) சுத்திகரித்த எண்ணெயில் இந்தச் சத்துகளில் பெரும் பகுதி போய்விடுகிறது. 'லைட்' என்று சீசாவில் போடுகிறார்களே, அதில் லேசானது நிறமும் ருசியும் மட்டுமே. ஒரு மேஜைக்கரண்டிக்கு 120 கலோரி, எந்தச் சீசாவானாலும்!

விலை ஏறினால் மோசடியும் ஏறும். 1981-ல் ஸ்பெயினில் தொழிற்சாலை உபயோகத்துக்கென்று வந்த மட்ட எண்ணெயை ஆலிவ் எண்ணெய் என்று சொல்லித் தெருவில் விற்றார்கள். சுமார் 20,000 பேர் நோயில் விழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மலிவு என்று நம்பி வாங்கிய ஏழைத் தொழிலாளர் குடும்பங்களே பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டன.

ஒவ்வொரு சீசாவிலும் தரத்தோடு பிழிந்த தேதியையும் அச்சிட வேண்டும் என்று எல்லா நாட்டிலும் சட்டம் போட்டால் என்ன? நல்ல சரக்கு விற்பவருக்கு இதில் என்ன நஷ்டம்?