வார்டுக்கு ஒரு கல்லூரி

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோக, சென்னைவாசிகள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். இத்தனைக்கும், கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது.

சட்டம் இருக்கிறது, பல வீடுகளில் குழிதான் தூர்ந்து கிடக்கிறது. மாடியிலிருந்து இறங்கும் குழாய் உடைந்து தண்ணீரைத் தெருவில் கொட்டுகிறது. கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய இடத்தைச் சேறு அடைத்திருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது மாநகராட்சி ஊழியர்களால் மட்டும் ஆகிற காரியமல்ல.

கல்லூரிகளிடம் ஆட்கள் இருக்கிறார்கள். 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். இத்திட்டத்தின் சிறப்பு முகாம்கள் பெரும்பாலும் கிராமங்களுக்கே போகின்றன. அது தவறல்ல. ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள்.

நகரங்களில் விழிப்புணர்வுப் பேரணியும் பதாகையுமாக நடத்தியது போதும். ஒவ்வொரு கல்லூரியிடமும் ஒரு வார்டை ஒப்படைக்கலாம். கட்டடப் பொறியியல் மாணவர்கள் குழிகளைச் சோதிக்கட்டும். புவியியல் மாணவர்கள் வடிகால் போகும் வழியை வரைபடமாக்கட்டும். அவர்கள் தரும் அறிக்கைக்கு வார்டு அலுவலகம் எழுத்துபூர்வமாகப் பதில் சொல்ல வேண்டும். இல்லையேல் அந்த உழைப்பு அலமாரியில் முடங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாநகராட்சி ஆணையர்களும் துணைவேந்தர்களும் கூடிப் பேசி இதைத் தொடங்க வேண்டும்.