கடைசிக் குழந்தைக்கும் இடமுள்ள பள்ளி

பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும் பருவம் வந்துவிட்டால் நம் வீடுகளில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு? கட்டணம் எவ்வளவு? ஆங்கிலம் சரளமாகப் பேச வருமா? இவை தேவையற்ற கேள்விகள் அல்ல. ஆயினும் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பிறர் வேண்டாமென ஒதுக்கிய குழந்தை இப்பள்ளியின் வாசலில் வந்து நின்றால், உள்ளே அதற்கு இடம் இருக்குமா?

இக்கேள்வியை நம்முன் வைப்பது, டோக்கியோ நகரில் சில ஆண்டுகளே இயங்கிய ஒரு சிறிய தொடக்கப்பள்ளி. சோசாகு கொபயாஷி என்பவர் 1937ஆம் ஆண்டு ஜியுகவோகா பகுதியில் அதைத் தொடங்கினார். பெயர் டோமோயி. ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளே அங்குப் பயின்றனர். ஓட்டம் ஓய்ந்த ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். வாசல் தூண்களாக நின்றவை வேர்விட்ட இரண்டு மரங்கள்.

அப்பள்ளிக்கு ஒரு நாள் தாயின் கைப்பிடித்து ஒரு சிறுமி வந்தாள். முதல் வகுப்பிலேயே வேறொரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவள். பாடவேளையில் மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடினாள், சன்னலருகே நின்று தெருவில் செல்லும் வாத்தியக்காரர்களை அழைத்தாள் என்பவை அவள் செய்த குற்றங்கள். டோமோயியின் தலைமையாசிரியர் தாயை வெளியே அனுப்பிவிட்டு, சிறுமியைத் தம் எதிரே அமர்த்தி, மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லச் சொன்னார். நான்கு மணி நேரம் அவள் பேசினாள். ஒருமுறைகூடச் சலிப்புக் காட்டாமல் அவர் கேட்டார். அச்சிறுமியே பின்னாளில் ஜப்பானின் புகழ்பெற்ற தொலைக்காட்சிக் கலைஞராகவும் யுனிசெஃப் நல்லெண்ணத் தூதராகவும் விளங்கிய தெத்சுகோ குரோயாநாகி. 1981இல் அவர் எழுதிய ‘டோட்டோ-சான்’ நூல் தமிழிலும் கிடைக்கிறது. தாம் முன்பு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட செய்தியே அவருக்கு இருபது வயதுவரை தெரியாது. தாய் அதை மகளிடமிருந்து காத்துவைத்திருந்தார்.

அப்பள்ளி எவ்வாறு நடந்தது? காலையில் ஆசிரியர் அன்றைய பாடங்களையெல்லாம் பலகையில் எழுதிவிடுவார். எதிலிருந்து தொடங்குவது என்பது பிள்ளையின் விருப்பம். ஒருவன் கணக்குப் போடுவான், அருகிலிருப்பவள் ஓவியம் வரைவாள். எந்தப் பிள்ளைக்கு எதில் நாட்டம், எது கடினம் என்பது ஆசிரியருக்குத் தானாகவே விளங்கிவிடும். பாடங்களை முடித்துவிட்டால் பிற்பகலில் நடைப்பயணம். பூவும் வண்டும் அங்குப் பாடமாயின. உழவர் ஒருவரே ஆசிரியராக நின்று விதைக்கக் கற்றுக்கொடுத்த நாளும் உண்டு. கொபயாஷி ஐரோப்பா சென்று, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தால்குரோஸிடம் தாளத்தோடு உடலை இயக்கும் பயிற்சியைக் கற்றுவந்தவர். ஆகவே கலை அங்கு ஆண்டுவிழாவுக்கான அலங்காரமாக இருக்கவில்லை. உடலும் உள்ளமும் ஒன்றாய் இயங்கக் கற்கும் அன்றாட வழியாக இருந்தது.

மதிய உணவுக்கு ஒரே விதிதான்: கடலிலிருந்து ஏதேனும் ஒன்று, மலையிலிருந்து ஏதேனும் ஒன்று. இரண்டில் ஒன்று குறைந்த பிள்ளையின் பாத்திரத்தில் தலைமையாசிரியரின் மனைவி அதைப் பரிமாறுவார். வசதியுள்ள வீட்டு உணவு, வசதியற்ற வீட்டு உணவு என்ற ஒப்பீட்டுக்கே அங்கு இடமில்லாமற்போயிற்று. கைகால்கள் வளர்ச்சி குன்றிய மாணவன் ஒருவனும் அங்கிருந்தான். விளையாட்டு விழாவின் போட்டிகளோ அந்தச் சிறிய உடலுக்கு ஏற்றவாறு அமைந்திருந்தன. எல்லாவற்றிலும் அவனே முதலாவதாக வந்தான். பரிசுகள் காய்கறிகள். தம் முயற்சியால் ஈட்டியதைப் பிள்ளைகள் வீட்டாரோடு பகிர்ந்துண்ண வேண்டும் என்பது தலைமையாசிரியரின் எண்ணம்.

‘இப்படிப் படித்தால் பிழைக்க முடியுமா?’ என்று சிலர் வினவலாம். நியாயமான அச்சமே. டோமோயியில் படித்த ஒருவர் இயற்பியல் அறிஞரானார் என்பதைச் சொல்லி அந்த அச்சத்தைத் தணிக்கலாம். ஆனால் நாம் அவ்வாதத்தைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. சாதனையாளரை உருவாக்கியதால்தான் அப்பள்ளி சிறந்தது என்றால், சாதிக்காத பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்வோம்? தன்னை இழிவாக எண்ணாமல் ஒரு குழந்தை வளர்ந்தது என்பதே போதுமான பயன்.

இசை குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். ஆனால் ஓவியம், எழுத்தணி, கைவினை, கதை சொல்லல், தோட்டம் ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் நாம் காணவில்லை. பொறுமையாகச் செவிமடுப்பதோ நமக்குப் புதியதே அன்று. வளர்த்த சிட்டுக்குருவி இறந்து வாடியிருந்த அபூ உமைர் என்ற சிறுவரிடம் அக்குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் துயரையும் மதித்த அந்த மாண்பு நம் பள்ளிகளில் எந்த அளவுக்கு இருக்கிறது?

1945இல் வான்தாக்குதலில் டோமோயி எரிந்து சாம்பலானது. தீயைப் பார்த்தவாறே, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று கொபயாஷி தம் மகனிடம் கேட்டாராம். தொடக்கப்பள்ளியை மீண்டும் எழுப்பும் அவரது கனவு நிறைவேறாமலேயே 1963இல் அவர் மறைந்தார்.

நம் ஊர்களில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் பள்ளிகள் நடத்துகின்றன. கட்டடம் உயர்த்தும் ஆர்வம் போற்றுதற்குரியது. ஆனால் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். எனவே அடுத்த கூட்டத்தில் கட்டட நிதியைப் பற்றிப் பேசும்முன் ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். சென்ற ஆண்டு நம் பள்ளியைவிட்டு விலகிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் எவரையேனும் எதிரே அமர்த்தி, அவர் பேசி முடிக்கும்வரை நாம் கேட்டதுண்டா?