அம்மிக்கல்லும் தலகாணியும்

எங்க காடாம்புலியூர் பக்கம் யாராவது குடும்பத்தோட வெளிநாடு கிளம்பினா பெரியவங்க சொல்ற முதல் யோசனை, "கனமான சாமானெல்லாம் எடைக்குப் போட்டுடு". விமானத்துல அனுப்பினா இது சரி. கப்பலுக்குச் சுத்தத் தப்புங்கிறது என் கட்சி.

மத்தவங்க சரக்கோட சேர்ந்து ஒரே கண்டெய்னர்ல போகும்போது 1 கனமீட்டர், 1 டன், ரெண்டுல எது கூட வருதோ அதுக்குத்தான் காசு. வீட்டுச் சாமான் மொத்தமா அந்தக் கனத்தைத் தொடாது. ஆக நாம குடுக்கிறது இடத்துக்கு வாடகை. தலகாணியும், அதே இடம் அடைக்கிற அம்மிக்கல்லும் ஒரே கட்டணம்தான் மக்களே!

தலகாணி எந்த ஊர்லயும் கிடைக்கும். ஆத்தா அரைச்ச அம்மி? வெண்கலப் பானை? பழகின தோசைக்கல்? அதையெல்லாம் ஏத்துங்க. மெத்தை, சோபாவை விடுங்க. அமெரிக்கான்னா மிக்ஸியும் வேண்டாம். அங்க 120 வோல்ட், நமக்கு 230.

இன்னொண்ணு, மரப்பெட்டி. நம்மூர் ஆசாரிகிட்ட முந்திரிக் கட்டையில அடிச்சு அப்படியே அனுப்பிடாதீங்க. பெரும்பாலான நாடுகள்ல, மரத்தோட உள்பக்கம் வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடாக்கின முத்திரை கேப்பாங்க. பூச்சி பயம்.

கழிக்கும்போது கனம் பாக்காதீங்க. காசு குடுத்தா அங்க திரும்பக் கிடைக்குமான்னு மட்டும் பாருங்க. அவ்ளோதான் :-)